7 நிமிடச் சண்டையும் 84 நிமிடச் சமாதானமும்

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற பேச்சின் எழுத்துருவம்)



காதால் மாத்திரம் கேட்கக்கூடிய சாதனம் வானொலி. அதில் நான் இன்று பேசப்போவதோ, ஏறக்குறைய வாயே திறக்காத ஒரு பூனையையும் ஓர் எலியையும் பற்றி. ‘டொம் அன்ட் ஜெரி’ என்ற பெயரைச் சொன்னதுமே உங்களுள் பலருடைய முகத்தில் ஒரு புன்னகை வந்திருக்கும். அந்தப் புன்னகையை வைத்துக்கொண்டே இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

இலக்கியத் தொடரில் பூனைக்கும் எலிக்கும் என்ன வேலை என்று கேட்பவர்களும் இருப்பார்கள். நியாயமான கேள்விதான். ஒரு படைப்பை அதன் சொந்த வடிவத்திலிருந்து பிரித்து வேறொரு வடிவத்தில் நடும்போது எது வேர்விடும், எது வாடிவிடும் என்பது இலக்கியம் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி. சிறுகதையை நாவலாக விரித்தவர்களுக்கும், நாவலை நாடகமாகச் சுருக்கியவர்களுக்கும் அந்தச் சங்கடம் தெரியும். அந்தச் சங்கடத்தை மிகத் தெளிவாகக் காட்டும் உதாரணங்களுள் ஒன்று, 7 நிமிடக் கார்ட்டூனை ஒன்றரை மணி நேரத் திரைப்படமாக்கும் முயற்சி.

இந்த எண்ணத்தை எனக்குத் தந்தவன் என் பேரன். குறும்படங்களை விழுந்து விழுந்து பார்க்கும் அவனுக்கு, 1992ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட டொம் அன்ட் ஜெரி முழுநீளப் படத்தைப் போட்டுக் காட்டினேன். 20 நிமிடம் பொறுமையாக இருந்தான். பிறகு என் பக்கம் திரும்பி, “அப்பப்பா, இவை ஏன் சும்மா கதைச்சுக்கொண்டிருக்கினம்? எப்ப அடிபடுவினம்?” என்று கேட்டான். அந்தப் படத்தைப் பற்றி அதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் வாசித்ததில்லை. அவனுக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்தப் பேச்சு அந்தப் பதிலைத் தேடும் முயற்சி.

முதலில் மூலப் படைப்பைப் பார்ப்போம்.

இந்தச் சோடியின் முதற்படம் 1940 பெப்ரவரியில் வெளிவந்தது. அமெரிக்காவில் மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனத்தின் கார்ட்டூன் பிரிவில் பணியாற்றிய வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பரா என்ற இரு இளைஞர்கள் அதனை உருவாக்கினார்கள். அப்போது பூனையின் பெயர் டொம் அல்ல, ஜாஸ்பர். எலிக்குப் படத்தில் பெயரே இல்லை. கதை இவ்வளவுதான்: இன்னும் ஒரு பொருள் உடைந்தால் உன்னை வீட்டைவிட்டுத் துரத்திவிடுவேன் என்று வீட்டுப் பணிப்பெண் பூனையை எச்சரிக்கிறாள். அதை ஒட்டுக்கேட்ட எலி, ஒரு கண்ணாடிக் குவளையை மேசையின் ஓரத்துக்குத் தூக்கிக்கொண்டு வருகிறது. நெருங்கி வந்தால் போட்டு உடைத்துவிடுவேன் என்று சைகை காட்டுகிறது. பூனை நடுங்குகிறது. படம் முடியும்போது வெளியே எறியப்படுவது பூனைதான்.

முகம் காட்டப்படாத அந்தக் கறுப்பினப் பணிப்பெண்ணின் சித்திரிப்பு இனவாதக் கண்ணோட்டம் கொண்டது என்று பிற்காலத்தில் கண்டிக்கப்பட்டது. அந்தக் கண்டனம் சரியானதே. ஆனால் கதையின் அமைப்பைக் கவனியுங்கள். சண்டை இருவருக்கிடையில் நடக்கிறது; பணயமாக இருப்பதோ வீடு. பூனைக்கு வீடு வேண்டும், எலிக்கும் வீடு வேண்டும். அந்த ஒரே வீட்டுக்குள் இருவரும் இருப்பதனால்தான் சண்டை. இந்தப் படங்களில் வீடு வெறும் பின்னணி அன்று. அது மூன்றாவது பாத்திரம்.

ஹன்னாவும் பார்பராவும் 1958 வரை இத்தகைய 114 குறும்படங்களை வெளியிட்டனர். அவற்றுள் 7 படங்கள் ஒஸ்கார் விருது பெற்றன. ஸ்கொட் பிராட்லி என்ற இசையமைப்பாளர் அநேகமாக அவை எல்லாவற்றுக்கும் இசை தந்தார். பூனை படியில் உருண்டால் இசையும் உருளும். எலி பதுங்கினால் இசையும் பதுங்கும். டொம் எழுப்பும் அந்தப் புகழ்பெற்ற அலறல் ஹன்னாவின் சொந்தக் குரல். படத்தை இயக்கியவரே பூனைக்காக அலறியும் கொடுத்திருக்கிறார்.

இந்த வகை நகைச்சுவைக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்லாப்ஸ்டிக்’ என்று பெயர். அது முதலில் ஒரு கருவியின் பெயராக இருந்தது. இத்தாலியப் பழைய நகைச்சுவை நாடகங்களில் கோமாளி கையில் ஒரு மட்டை இருக்கும். இரண்டு மெல்லிய பலகைகளைச் சிறிது இடைவெளி விட்டுச் சேர்த்துச் செய்தது அது. அதனால் ஒருவரை அடித்தால் இரு பலகைகளும் மோதிப் ‘பளார்’ என்று பெரிய சத்தம் எழும். அடிபட்டவருக்கோ அநேகமாக வலியே இராது. சத்தம் பெரிது, வலி சிறிது. இந்த நகைச்சுவையின் இலக்கணம் முழுவதும் அந்த மட்டைக்குள் இருக்கிறது.

டொம்மின் தலையில் இரும்புச் சட்டி விழுகிறது. தலை சட்டியின் வடிவத்துக்கு மாறுகிறது. அடுத்த கணம் பழையபடி ஓடுகிறான். 1952இல் வெளிவந்து ஒஸ்கார் பெற்ற ‘த டூ மௌஸ்கெடியர்ஸ்’ என்ற படத்தின் முடிவில் டொம்மைச் சிரச்சேதமே செய்துவிடுகிறார்கள். அடுத்த படத்தில் அவன் வழமைபோல வந்து நிற்கிறான். யாரும் எதையும் ஞாபகம் வைத்திருப்பதில்லை. நேற்றைய அடி இன்று வலிப்பதில்லை. குறும்படங்களின் உலகம் மறதியின் உலகம். ஒவ்வொரு 7 நிமிடமும் உலகம் புதிதாகப் படைக்கப்படுகிறது. அந்த மறதி இருப்பதனால்தான் நாம் மனச்சாட்சி உறுத்தாமல் சிரிக்கிறோம்.

இங்கே நம் தொல்காப்பியர் நினைவுக்கு வருகிறார். மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது அவர் நகையை முதலில் வைக்கிறார். அதற்கு அடுத்ததாக அழுகையை வைக்கிறார். நகை பிறக்கும் நிலைக்களன்களுள் எள்ளலும் பேதைமையும் அடங்கும். அழுகை பிறக்கும் நிலைக்களன்களுள் ஒன்று இழவு. அதாவது, ஒன்றை இழத்தல். டொம்மும் ஜெரியும் ஒருபோதும் எதையும் நிரந்தரமாக இழப்பதில்லை. ஆகவே அவர்களுடைய உலகில் எள்ளலும் பேதைமையும் தங்குதடையின்றி ஆட்சி செய்ய முடிகிறது. இழப்பு உள்ளே வந்துவிட்டால் நகை தன் பக்கத்து வீட்டுக்கு, அழுகையின் வீட்டுக்கு, நகரத் தொடங்கிவிடும்.

முழுநீளப் படமோ இழப்பு இல்லாமல் நடக்காது. ஒன்றரை மணி நேரம் ஒருவரை நாற்காலியில் இருத்தி வைக்க வேண்டுமானால், முதல் 10 நிமிடத்தில் நடந்தது கடைசி 10 நிமிடத்திலும் பொருள்பட வேண்டும். அதற்கு ஞாபகம் வேண்டும். ஏதோ ஒன்று போய்விடும் என்ற பயம் வேண்டும். குறும்படம் மறதியால் வாழ்கிறது, நீளப்படம் ஞாபகத்தால் வாழ்கிறது. நீளத்தைக் கூட்டும்போது கலைஞன் எதிர்கொள்வது நேரப் பிரச்சினை மாத்திரம் அன்று. படைப்பின் உயிர்நிலையே இடம்மாறுகிறது.

ஊமைப்படக் காலத்துக் கோமாளிகளுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. பஸ்டர் கீற்றன் 1923இல் ‘த்ரீ ஏஜஸ்’ என்ற நீளப்படத்தை எடுத்தபோது கற்காலம், உரோமர் காலம், நவீன காலம் என்று மூன்று கதைகளாக அதை அமைத்தார். படம் எடுபடாவிட்டால் மூன்று குறும்படங்களாக வெட்டி விற்றுவிடலாம் என்ற முன்யோசனை அதில் இருந்ததாகச் சொல்வார்கள். நீளப்படங்களுக்கு வந்த பிறகு, நடக்கவே முடியாத கார்ட்டூன் வகை வேடிக்கைகளைத் தாம் கைவிட நேர்ந்தது என்று அவர் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். கதையை மக்கள் நம்பாவிட்டால் நீளப்படம் நிற்காது என்பது அவர் கண்ட அனுபவம். சார்ளி சப்ளின் தாமே இயக்கிய முதல் நீளப்படமான ‘த கிட்’ 1921இல் வந்தது. நாடோடியின் குறும்புகளை நீட்டி நீட்டி ஒரு மணி நேரமாக்க அவர் முயலவில்லை. நாடோடியின் கையில் ஓர் அநாதைக் குழந்தையைக் கொடுத்தார். இழப்பதற்கு ஒன்றுமே இல்லாதவனுக்கு இழக்கக்கூடிய ஒன்று கிடைத்தது. அந்தப் பிள்ளையை அதிகாரிகள் பிடுங்கிக்கொண்டு போகும்போது, அதுவரை சிரித்துக்கொண்டிருந்த அரங்கு திகைத்துப்போகிறது. சப்ளின் நகையிலிருந்து அழுகைக்குப் போய், மறுபடியும் நகைக்குத் திரும்பி வருகிறார். அந்த வழி அவருக்குத் தெரிந்திருந்தது.

வோல்ட் டிஸ்னி 1937இல் தமது முதலாவது முழுநீளச் சித்திரப் படத்தைத் தந்தபோது, அப்போதே உலகப் புகழ் பெற்றிருந்த மிக்கி மௌஸை அதற்குள் இழுக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அவர் தேர்ந்துகொண்டது ‘ஸ்னோ வைட்’ என்ற பழங்கதை. ஏழு குள்ளர்களிடம் சேட்டைகளை ஒப்படைத்தார். கதையின் பாரத்தை அந்தப் பழங்கதையின் தோளில் ஏற்றினார்.

இனி 1992ஆம் ஆண்டுப் படத்துக்கு வருவோம். ‘டொம் அன்ட் ஜெரி: த மூவி’ என்பது அதன் பெயர். பில் ரோமன் தயாரித்து இயக்கினார். முதலில் ஜேர்மனியில் 1992இலும், பின்னர் அமெரிக்காவில் 1993இலும் வெளிவந்தது. 84 நிமிடம் ஓடியது. பாடல்களுக்கு இசை ஹென்றி மான்சினி. வரிகள் லெஸ்லி பிரிக்கஸ். இருவரும் திரையுலகில் பெரிய பெயர்கள். மூலவர்களுள் ஒருவரான பார்பராவே ஆலோசகராக இருந்தார். ஆகவே அறியாதவர்கள் செய்த காரியம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அறிந்தவர்கள் செய்ததனால்தான் இது ஆராயத்தக்கது.

படத்தின் தொடக்கம் மிக நல்லது. வீட்டார் குடிபெயர்கிறார்கள். டொம் அவர்களோடு போக வேண்டியவன். ஜெரியோடு மல்லுக்கட்டியதனால் வாகனத்தைத் தவற விடுகிறான். மறுநாள் காலையில் அந்த வீடு இடித்துத் தரைமட்டமாக்கப்படுகிறது. பூனையும் எலியும் தெருவில் நிற்கின்றன.

1940இன் முதற்படம் எங்கே முடிந்ததோ அங்கேதான் இந்தப் படம் தொடங்குகிறது. அன்று பூனை மாத்திரம் வெளியே எறியப்பட்டது. இன்று இருவருமே வெளியே. பணயமாக இருந்த வீடே இல்லாமற் போய்விட்டது. வீடு இல்லாவிட்டால் இந்தப் பகைக்கு என்ன பொருள்? துரத்துவதற்குச் சமையலறை இல்லை, ஒளிவதற்குச் சுவரில் பொந்து இல்லை. ஒருவரையொருவர் விரட்டுவதையே வாழ்க்கையாகக் கொண்ட இரண்டு உயிர்கள், அந்த வாழ்க்கை நடந்த இடத்தை இழந்து தெருவில் நிற்கின்றன. இதைவிடச் சிறந்த நீளப்படக் கரு இந்தச் சோடிக்குக் கிடைக்காது. சப்ளின் அந்த நாடோடியின் கையில் கொடுத்த குழந்தையைப் போல, இது இழப்பு என்ற பொருளைக் கார்ட்டூனின் உள்ளேயிருந்தே எடுத்துத் தருகிறது.

ஆனால் படம் அந்தத் தெருவில் நிற்கவில்லை. ஒரு நாயும் ஒரு தெள்ளும் வந்து, நீங்கள் நண்பர்களாக இருங்கள் என்று உபதேசிக்கின்றன. உடனே டொம் வாய் திறந்து பேசுகிறான். ஜெரியும் பேசுகிறான். மற்றவன் பேசுவதைக் கேட்டு ஒருவரையொருவர் பார்த்து வியக்கிறார்கள். பிறகு ரொபின் என்ற சிறுமி வருகிறாள். அவளுடைய தந்தை திபெத்தில் பனிச்சரிவில் இறந்துவிட்டதாக நம்பப்படுகிறது. சொத்தை அபகரிக்க ஒரு கொடிய மாமி. அவளுக்குத் துணையாக ஒரு பேராசைக்கார வழக்கறிஞர். சிறுமி தந்தையைத் தேடி ஓடுகிறாள். பூனையும் எலியும் அவளுக்குத் துணை போகின்றன. இடையிடையே பாட்டு. கடைசியில் தந்தை உயிரோடு வந்து சேருகிறார்.

இந்தக் கதையில் டொம், ஜெரி என்ற பெயர்களை எடுத்துவிட்டு வேறு எந்த இரண்டு பிராணிகளின் பெயரைப் போட்டாலும் கதை அப்படியே ஓடும். அதுதான் என் முதற் குறை. தழுவல் ஒன்றைச் சோதிக்க இலகுவான வழி இது: பாத்திரங்களின் பெயரை மாற்றிப் பாருங்கள். ஒன்றுமே குறையவில்லையென்றால் அங்கே தழுவல் நடக்கவில்லை. பெயர் மாத்திரம் இரவல் வாங்கப்பட்டிருக்கிறது. இழப்பும் அங்கே டொம்முக்கும் ஜெரிக்கும் உரியதாக இல்லை. தந்தையை இழந்தவள் ரொபின். மற்றவருடைய துயரத்துக்கு இவர்கள் வழித்துணை.

இரண்டாவது குறை பேச்சு. நேர்மையாகச் சொல்ல வேண்டும். பழைய குறும்படங்களிலும் இவர்கள் முற்றிலும் ஊமைகள் அல்லர். ஆங்காங்கே ஒரு சொல், ஒரு வசனம் வரும். டொம் தன் காதலிக்காகப் பாடிய படமும் உண்டு. 1956இல் வந்த ‘புளூ கட் புளூஸ்’ என்ற படத்தில் ஜெரியின் குரலே கதையைச் சொல்கிறது. காதலில் ஏமாந்த டொம் புகையிரதத் தண்டவாளத்தில் போய் உட்காருகிறான். கடைசியில் ஜெரியும் அவன் பக்கத்தில் போய் உட்காருகிறான். தூரத்தில் புகையிரதம் ஊதும் ஓசை கேட்கிறது. அந்த 114 படங்களில் இதைவிடத் துயரமான ஒன்றை நான் பார்த்ததில்லை. ஜெரிக்கு வார்த்தை வந்த படத்தில் ஞாபகமும் வந்தது; ஞாபகத்தோடு துக்கமும் வந்துவிட்டது.

ஆகவே பேச்சைக் கொடுத்ததே குற்றம் என்று நான் சொல்லவில்லை. எதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பேச்சை வைத்தார்கள் என்பதே என் கேள்வி. டொம் ஒரு கதவைத் திறக்கும்போது, திறக்கும் விதத்திலேயே அவனுடைய பேராசையும் பயமும் போலிப் பெருமையும் தெரியும். புருவம் பேசும், வால் பேசும். 1992ஆம் ஆண்டுப் படத்தில் எனக்குப் பயமாயிருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆகவே பயந்து காட்ட வேண்டியதில்லை. நாடகம் எழுதுபவர்களுக்கு இந்த ஆபத்து பழக்கமானது. நடித்துக் காட்ட முடியாததை வசனத்தில் சொல்லிவிட்டுத் தப்பிப்பது. பாட்டும் அப்படியே. நம்மவர்களுக்குப் படத்தில் பாட்டு இருப்பது பிடிக்கும்; எனக்கும் பிடிக்கும். ஆனால் பாட்டு நின்று நிதானித்துக் கேட்க வேண்டிய ஒன்று. துரத்தலோ நிற்க முடியாத ஒன்று. ஓடிக்கொண்டிருப்பவனை நிறுத்தி இனிமையான பாட்டொன்று பாடச் சொன்னால், பாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஓட்டம் போய்விடும்.

இங்கே தயாரிப்பாளர்களின் பக்கத்தையும் கேட்க வேண்டும். பிள்ளைகள் பார்க்கும் படத்தில் இவ்வளவு அடிதடி ஏன் என்று பெற்றோர் கேட்பது புதிதல்ல. 1975இல் ஹன்னாவும் பார்பராவும் தங்கள் சொந்த நிறுவனத்தில் தொலைக்காட்சிக்காகப் புதிய தொடரொன்றை எடுத்தபோது, தொலைக்காட்சியில் வன்முறைக்கிருந்த கட்டுப்பாடுகள் காரணமாக, இந்த இருவரையும் நண்பர்களாகவே காட்டினார்கள். 1992ஆம் ஆண்டுப் படத்தின் சமாதானத்துக்கு அது முன்னோடி. நெடுங்காலம் போரைப் பார்த்த நமது நாட்டில், அடிதடியைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளையைக் கண்டு ஒரு தாய் முகம் சுளித்தால் நான் அவளைக் குறை கூறமாட்டேன்.

ஆனால் அந்தத் தாயிடம் நான் ஒன்று சொல்ல விரும்புகிறேன். நேசத்தைக் காட்டுவதற்குப் பகையை முதலிலேயே அழித்துவிட வேண்டியதில்லை. 1941இல் இதே ஹன்னாவும் பார்பராவும் நத்தாருக்கு முந்திய இரவைப் பற்றி ஒரு குறும்படம் செய்தார்கள். டொம் ஜெரியை வெளியே பனிக்குள் துரத்திவிட்டுக் கதவை அடைத்துவிடுகிறான். வெற்றி. கணப்பருகே வந்து உட்காருகிறான். வெளியே நத்தார்க் கீதம் கேட்கிறது. டொம்முக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைசியில் எழுந்து போய்க் கதவைத் திறக்கிறான். விறைத்துப்போய்க் கிடக்கும் ஜெரியைத் தூக்கிக்கொண்டு வந்து நெருப்பருகே வைத்துச் சூடேற்றுகிறான். உபதேசம் செய்ய நாயும் வரவில்லை, தெள்ளும் வரவில்லை. டொம் தானே நினைத்துத் தானே எழுந்து போனான். அந்தச் சில நிமிடங்களில் உள்ள சமாதானத்துக்கு இருக்கும் கனம், 84 நிமிடச் சமாதானத்துக்கு இல்லை. முன்னதில் பகை உண்மையாக இருந்தது. ஆகவே இரக்கமும் உண்மையாக இருந்தது.

இன்னொரு முயற்சி 2021இல் வந்தது. டிம் ஸ்டோரி இயக்கிய ‘டொம் அன்ட் ஜெரி’. முந்திய படத்துக்கு எதிராக வந்த விமர்சனங்களை இவர்கள் கேட்டிருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. டொம்மும் ஜெரியும் பேசுவதில்லை. சண்டை உண்டு. ஹன்னாவின் பழைய அலறலைக்கூட ஒலிப்பதிவிலிருந்து எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் இங்கே வேறொரு பிரச்சினை. மனிதர்கள் அசல் நடிகர்கள். பிராணிகள் மாத்திரம் சித்திரம். நியூயோர்க்கில் ஓர் ஆடம்பர ஹோட்டல், அங்கே ஒரு பெரிய திருமணம், பிறருடைய தகைமைகளைத் தன்னுடையவை என்று காட்டி அங்கு வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண். படம் 101 நிமிடம். அந்த நேரத்தின் பெரும்பகுதி அந்தப் பெண்ணின் வேலை, மணமக்களின் மனக்கசப்பு என்று மனிதர் கதையில் கழிகிறது. தங்கள் சொந்தப் படத்தில் டொம்மும் ஜெரியும் விருந்தாளிகள்.

சித்திரமும் மனிதரும் சேர்ந்து வருவது புதிதன்று. 1945இல் ‘ஆங்கர்ஸ் அவே’ என்ற படத்தில் ஜீன் கெலியோடு ஜெரி நடனமாடியது திரைப்பட வரலாற்றில் பேசப்படும் காட்சி. ஆனால் அது சில நிமிட நடனம்; கனவு போல வந்து போகிறது. ஒன்றரை மணி நேரம் அசல் மனிதர்கள் நடமாடும் ஹோட்டலில் கண்ணாடி உடைந்தால், அதற்கு யார் பணம் கட்டுவது, யாருடைய வேலை போகும் என்று மனம் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. ஸ்லாப்ஸ்டிக் மட்டையிலிருந்து சத்தம் வருகிறது. பக்கத்தில் நிற்கும் உண்மை மனிதருக்கு வலிக்குமோ என்ற நினைப்பும் கூடவே வருகிறது.

அப்படியானால் இது முடியாத காரியமா? 1979இல், ரோட் ரன்னர் என்ற பறவையையும் அதைத் துரத்தும் ஓநாயையும் படைத்த சக் ஜோன்ஸ், தம் பழைய குறும்படங்களையே தொடுத்து, பக்ஸ் பனி அவற்றை அறிமுகப்படுத்துவதாக ஒரு நீளப்படம் தந்தார். நீட்டாமல் தொகுத்தார். அது ஒரு சிறுகதைத் தொகுதி. அடக்கமான, நேர்மையான வழி. ஆனால் தொகுதி நாவலாகாது.

நாவலாகவே ஆகியதற்கு நான் காட்டக்கூடிய உதாரணம் வேறொரு சோடி. இங்கிலாந்தின் ஆர்ட்மன் கலைக்கூடம் களிமண் பொம்மைகளைக் கொண்டு எடுத்த ‘ஷோன் த ஷீப்’ 2007இல் 7 நிமிடத் தொலைக்காட்சித் தொடராக வந்தது. ஒரு செம்மறியாடு, ஒரு பண்ணைக்காரர், ஒரு நாய். யாரும் பேசுவதில்லை, பண்ணைக்காரர் வாய்க்குள் முணுமுணுப்பதோடு சரி. 2015இல் மார்க் பேர்ட்டனும் ரிச்சர்ட் ஸ்டார்சக்கும் அதை 85 நிமிடத் திரைப்படமாக்கினார்கள். அதிலும் ஒரு வசனம்கூட இல்லை.

தினமும் ஒரே மாதிரியான வாழ்க்கை ஆடுகளுக்குச் சலித்துவிடுகிறது. ஒரு நாள் லீவு வேண்டும். வேலியை ஒவ்வொன்றாகத் தாண்டிக் காட்டுகின்றன. தூக்கம் வர ஆடுகளை எண்ணுவது ஆங்கிலேயர் வழக்கமல்லவா, பண்ணைக்காரர் எண்ணி எண்ணித் தூங்கிவிடுகிறார். தூங்கியவர் இருந்த வண்டி உருண்டு நகரத்துக்கே போய்விடுகிறது. அங்கே தலையில் அடிபட்டு அவருக்கு ஞாபகம் போய்விடுகிறது. கை மாத்திரம் பழைய வேலையை மறக்கவில்லை. ஆட்டு மயிர் கத்தரித்த கை ஒரு நாகரிகச் சிகையலங்கார நிலையத்தில் மனிதர் தலையைக் கத்தரித்துப் புகழ் பெறுகிறது. ஷோன் பெரும்பாடுபட்டு அவரைக் கண்டுபிடித்து ஓடிவந்து முன்னால் நிற்கிறது. அவருக்கு அது யாரென்றே தெரியவில்லை. துரத்திவிடுகிறார்.

இந்தக் கட்டத்தை யோசித்துப் பாருங்கள். தொடரில் பண்ணைக்காரர் பெரும்பாலும் நடப்பதை அறியாமலே இருப்பார். அந்த அறியாமைதான் அங்கே வேடிக்கை. நீளப்படத்தை எழுதியவர்கள் அதே அறியாமையை எடுத்து, இது உண்மையாகவே நடந்தால் எப்படி வலிக்கும் என்று கேட்டார்கள். எந்தப் பழங்கதையையும் இரவல் வாங்கவில்லை, அநாதைச் சிறுமியைக் கொண்டுவரவில்லை, பேச்சைக் கொடுக்கவில்லை. மூலத்தில் சிரிப்புக்குக் காரணமாக இருந்ததையே இழப்புக்கும் காரணமாக்கினார்கள். ஷோனின் பெயரை எடுத்துவிட்டு வேறொரு பெயரைப் போட்டால் இந்தக் கதை நிற்காது. என் பேரன் அதை இமை கொட்டாமல் பார்த்தான். ஏன் அடிபடவில்லை என்று கேட்கவில்லை.

அவன் முன்னர் கேட்ட கேள்விக்கு இப்போது எனக்குப் பதில் கிடைத்துவிட்டது என நினைக்கிறேன். 1992ஆம் ஆண்டுப் படத்தை எடுத்தவர்களுக்குத் தங்கள் கையிலிருந்த பொருளில் நம்பிக்கை குறைவாக இருந்தது. பூனையும் எலியும் சண்டை பிடிப்பதற்குள் ஒரு முழுக்கதை இருக்க முடியும் என்று அவர்கள் நம்பவில்லை. ஆகவே கதையை வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள். கொண்டுவந்ததற்கு இடம் வேண்டுமே. உள்ளே இருந்ததை வெளியேற்றினார்கள். இடித்த வீட்டின் முன்னால் இன்னும் 10 நிமிடம் அவர்களை நிற்கவிட்டிருந்தால், அந்த நிற்றலிலிருந்தே கதை பிறந்திருக்கும். படத்தின் கடைசிக் காட்சியே அதற்குச் சாட்சி. ரொபினின் வீட்டில் அவர்களுக்கு இடம் கிடைக்கிறது. வீடு கிடைத்ததும் மறுபடியும் துரத்தத் தொடங்கிவிடுகிறார்கள்! வீடும் சண்டையும் ஒன்றே என்பது எடுத்தவர்களுக்கும் உள்ளூரத் தெரிந்திருக்கிறது. நடுவிலே மறந்துவிட்டார்கள்.

முடிக்குமுன் ஒன்று. நம் தொலைக்காட்சியில் வெளிநாட்டுக் கார்ட்டூன்கள் வரத் தொடங்கிய காலத்தில், டைட்டஸ் தொட்டவத்த பக்ஸ் பனி முயலுக்குச் சிங்களக் குரல் கொடுத்து, ‘ஹா ஹா ஹரி ஹாவா’ என்று அதைச் சிங்களப் பிள்ளைகளின் சொந்த முயலாகவே ஆக்கினார். அது பெரிய கலைப்பணி. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அப்படியொருவர் கிடைக்கவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. ஆனால் டொம்முக்கும் ஜெரிக்கும் குரல் கொடுக்க யாரும் தேவைப்படவில்லை. தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே இடத்தில், ஒரே கணத்தில் சிரித்தார்கள். யாருக்கும் யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்படி எல்லோருக்கும் பொதுவான சிரிப்பு இந்த நாட்டில் மிகுதியாகக் கிடைத்த பொருள் அல்ல.

அந்தப் பூனைக்கும் எலிக்கும் பேச்சைக் கொடுத்தபோது படம் எடுத்தவர்கள் அவர்களுக்கு ஒரு மொழியையும் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அதை ஒருவர் மற்றவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று. என் பேரனுக்கு நான் பக்கத்தில் இருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். மாமி என்ன சொல்கிறாள், வழக்கறிஞர் என்ன பாடுகிறார் என்றெல்லாம். அவன் கேட்டுக்கொண்டிருந்தான், சிரிக்கவில்லை.